மணி அடித்த பிறகும் ஏன் யாரும் எழுந்திருப்பதில்லை?

கேள்வி: எனக்கு 28 வயது, சொந்த ஊர் கரூர் பக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் நாலு வருடம் டிசைனில் இருந்தேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 பாஸ் ஆன பிறகு, ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் வேறொரு கார் உதிரிபாக நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. இங்கே ஐந்தரைக்கு மணி அடிக்கும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். என் வேலை ஆறு மணிக்கே முடிந்தாலும் எட்டரை வரை உட்கார வேண்டியிருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் ஆறு மணிக்குக் கிளம்பினேன். சென்பாய் (எனக்கு முன்னால் சேர்ந்த சீனியர்) தனியாகக் கூப்பிட்டு, "இங்கே எல்லாரும் சேர்ந்துதான் முடிப்போம்" என்றார். அதிலிருந்து நானும் உட்காருகிறேன். உட்காரும் நேரத்தில் பாதியைத்தான் பதிவில் எழுதுகிறேன். மற்றவர்களும் அப்படித்தான். ஆவணியில் தங்கை கல்யாணம். தேதி இன்னும் குறிக்கவில்லை. பத்து நாள் லீவு கேட்டதற்கு கச்சோ (எங்கள் பிரிவுத் தலைவர்) பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "அது கொஞ்சம் கஷ்டம்தான், மற்றவர்களுக்குச் சிரமம்" என்றார். அப்பாவோ, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும், கம்பெனியைப் பகைச்சுக்காதே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. இது விசுவாசமா, அடிமைத்தனமா? லீவுக்கு அடம்பிடித்தால் விசா போய்விடுமா? பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஐச்சி, ஜப்பான்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம். லீவு கேட்டதற்காக விசா போகாது. ராத்திரி தூங்குவதற்கு முன் இந்தக் கவலையைத்தான் சுமக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் இதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

ஜப்பானின் தொழிலாளர் தரச் சட்டப்படி, சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் சம்பளத்தோடு 10 நாள் லீவு. ஒன்றரை வருடம் ஆனதும் இன்னொரு 11 நாள். எடுக்காத லீவு இரண்டு வருடம் வரை செல்லும். உங்கள் கணக்கில் இதுவரை வந்தது குறைந்தது 21 நாள். அதில் எடுத்தது போக மீதி எத்தனை என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அங்கே அதற்கு 'யூக்யூ' என்று பெயர். சில கம்பெனிகளில் சம்பளச் சீட்டிலேயே மீதி நாள் அச்சாகி வரும். எதற்காக லீவு என்று காரணம் சொல்லக்கூடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேலை நிஜமாகவே தடைபடும் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளச் சொல்லும் உரிமைதான் கம்பெனிக்கு உண்டு. லீவே கிடையாது என்று சொல்லும் உரிமை இல்லை.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர் தொடர்ச்சியாக ஒரு மாதம் லீவு கேட்டு, கம்பெனி அதை இரண்டாகப் பிரித்து எடுக்கச் சொல்லி, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992இல் தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்தது. நீண்ட லீவு என்றால் முன்கூட்டியே கலந்து பேசி ஒழுங்குபண்ணுவது ஊழியரின் பொறுப்பும்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பத்து நாள் ஒரு மாதம் ஆகாது. ஆனாலும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கச்சோ முன்னால் போய் நிற்காதீர்கள். அது கையில் இருக்கட்டும், வாயில் வேண்டாம்.

ஏனென்றால் அவர் உங்கள் லீவை மறுக்கவில்லை, நீங்கள் கேட்ட முறையில்தான் திகைத்துப்போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரகடத்தில் ஜப்பானிய மேலாளர்களுக்கும் நம் பையன்களுக்கும் நடுவில் மனிதவள வேலை பார்த்த காலத்தில் இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நமக்கு லீவு என்றால் மேலதிகாரியைப் பார்த்துக் கேட்பது. அவர் சரி என்றால் முடிந்தது. அங்கே மேலதிகாரியிடம் போவது கடைசிப் படி. உங்கள் டிராயிங்கை யார் பார்ப்பார்கள், சப்ளையர் போன் பண்ணினால் யார் எடுப்பார்கள் என்பதெல்லாம் முடிவாகாமல் நீங்கள் போய் நின்றதும், அந்தப் பாரம் மொத்தமும் அந்த நிமிடம் அவர் தலையில் விழுந்துவிட்டது. மூச்சை இழுத்தார்.

இந்தத் தடவை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் அந்தச் சென்பாயிடமே போங்கள். ஆம், உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியவரிடமேதான். "தங்கைக்குக் கல்யாணம், அண்ணனாக நான் நின்று செய்ய வேண்டிய சடங்குகள் இருக்கின்றன, எப்படி ஏற்பாடு செய்யலாம், யோசனை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், யோசனை கேளுங்கள். உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளப் போகிற இன்னொருவரிடமும் இதேபோல் பேசுங்கள். இருவரும் தலையாட்டிய பிறகு ஒரே தாளில் ஒப்படைப்புப் பட்டியல் போடுங்கள்: பாகத்தின் எண், டிராயிங் எந்தத் திருத்தத்தில் நிற்கிறது, அடுத்து யாரிடமிருந்து என்ன வர வேண்டும், கெடு என்ன, கோப்பு எந்த போல்டரில், சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது. அந்தத் தாளோடு கச்சோவிடம் போகும்போது அவர் தீர்க்க வேண்டிய பிரச்சினை எதுவும் மிச்சம் இருக்காது.

தேதிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஐச்சியில் கார் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் தேசிய விடுமுறை நாட்கள் சிலவற்றில் வேலை செய்துவிட்டு, அவற்றைச் சேர்த்து மே மாதத்திலும் ஆகஸ்டில் முன்னோரை நினைவுகூரும் ஒபோன் பண்டிகைக்கும் வருடக் கடைசியிலும் நீண்ட விடுமுறை விடுவது வழக்கம். ஒபோன் விடுமுறை முடிகிற சமயமும் ஆவணி பிறக்கிற சமயமும் ஒட்டியே வரும். ஆடியில் எப்படியும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணி முதல் வாரத்தில் முகூர்த்தம் இருக்கிறதா என்று ஜோசியரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். வளர்பிறை ஒத்துவந்தால், பத்து நாள் லீவு கேட்கிற இடத்தில் ஐந்து நாள் கேட்டால் போதும். ஒபோன் சமயத்தில் விமான டிக்கெட் விலை ஏறிக் கிடக்கும், தேதி குறித்த அன்றே எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது தனித்தனியாகக் காகிதம் சுற்றிய இனிப்பு ஒரு பெட்டி கொண்டுபோய் ஒவ்வொருவர் மேசையிலும் ஒன்று வையுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் கூடுதலாக உழைத்தவர்களுக்கு அங்கே நன்றி சொல்லும் வழி அது.

சரி, எட்டரை மணிக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி விசுவாசமா, அடிமைத்தனமா என்பது. இரண்டு சொல்லுமே இதற்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. இது ஒரு பேரம், அதுவும் ரொம்பப் பழையதல்ல. அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது, சாமுராய் காலத்திலிருந்து வருவது என்றெல்லாம் நம் ஊரில் எழுதுவார்கள். நீங்கள் இருக்கும் ஐச்சியின் கதையே அதற்குப் பதில் சொல்லும். 1950இல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்து ஏறக்குறைய 1,600 பேரை வெளியே அனுப்பத் திட்டமிட்டது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது. 1953இல் நிசானிலும் மாதக்கணக்கில் போராட்டம், கதவடைப்பு. 1960இல் மீக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டம் நாட்டையே உலுக்கியது. கம்பெனிக்காக உயிரைக் கொடுக்கிற ஜாதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் இத்தனையும் செய்தார்கள்.

அந்தச் சண்டைகள் ஓய்ந்தபோது இரண்டு பக்கமும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. டொயோட்டாவில் நிர்வாகமும் சங்கமும் 1962இல் கூட்டறிக்கையே வெளியிட்டன. பெரிய கம்பெனிகளில் பரவிய அந்த ஏற்பாடு சுருக்கமாக இதுதான்: நிரந்தர ஊழியரைக் கம்பெனி லேசில் வெளியே அனுப்பாது, வயது ஏற ஏறச் சம்பளம் ஏறும், வருடத்துக்கு இரண்டு போனஸ், ஓய்வு பெறும்போது ஒரு தொகை. பதிலுக்கு ஊழியர் தன் நேரத்தையும், எங்கே என்ன வேலை செய்வது என்கிற முடிவையும் கம்பெனியிடம் விட்டுவிட வேண்டும். ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைக்க மாட்டார்கள், ஓவர்டைமைக் குறைப்பார்கள். கூடினால் புது ஆள் எடுப்பதற்கு முன் இருக்கிறவர்களின் ஓவர்டைமைக் கூட்டுவார்கள்.

நீதிமன்றங்களும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே காத்தன. நியாயமான காரணமில்லாத பணிநீக்கம் செல்லாது என்ற கோட்பாட்டை 1975இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது பிறகு சட்டத்திலேயே ஏறியது. அதே நீதிமன்றம் 1986இல், குடும்பத்தைப் பிரிந்து வேறு ஊருக்கு மாற்றலில் போக மறுத்தவரின் பணிநீக்கம் சரி என்றது. 1991இல் ஹிட்டாச்சி தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்ய மறுத்த ஊழியரை நீக்கியதும் செல்லும் என்றது. அந்த ஆள் ஓவர்டைம் மறுத்தது 1967இல். இருபத்து நாலு வருடம் வழக்காடித் தோற்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது கனக்கிறது.

உங்கள் சென்பாய் இந்தப் பேரத்துக்குள் வளர்ந்தவர். படிப்பு முடித்த வருடம் ஏப்ரல் 1 அன்று தன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று சேர்ந்திருப்பார். இருபதுகளில் குறைந்த சம்பளத்துக்கு இரவு வரை உட்கார்ந்ததற்கான பலனை ஐம்பது வயதில் எதிர்பார்க்கிறார். நம் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடியும் வரை நெருங்கிய சொந்தம் யாரும் இலையில் உட்கார மாட்டார்கள், கையில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர் எட்டரை வரை உட்காருவதும் அந்த மாதிரிதான். நீங்கள் ஆறு மணிக்குப் பையை எடுத்ததும், பந்தி நடக்கும்போது ஒரு சொந்தக்காரர் செருப்பைத் தேடுவதுபோல அவருக்கு இருந்திருக்கும். அவர் உங்களை மிரட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களைச் சொந்தமாக நினைத்துச் சொன்னார் என்றே தோன்றுகிறது.

ஆனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்தப் பேரத்தின் மறுபாதி உங்கள் கையில் இருக்கிறதா என்பது. ஜப்பானில் சம்பளம் வாங்குகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிரந்தரமில்லாத ஊழியர்கள். அவர்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள், பாதுகாப்பு கிடைப்பதில்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'செய்ஷாயின்' என்ற நிரந்தர ஊழியரா, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த ஊழியரா? போனஸ் உண்டா? ஓய்வுத்தொகை விதி உங்களுக்கும் பொருந்துமா? மாதச் சம்பளத்துக்குள்ளேயே இத்தனை மணி நேர ஓவர்டைம் அடக்கம் என்று ஒரு வரி இருக்கிறதா? கம்பெனி உங்களுக்கு ஒரு வருடத்துக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறது என்றால், அதனிடம் நாற்பது வருடத்து விசுவாசத்தைக் காட்ட வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். உப்பிட்டவரை நினைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஐந்தரை வரை ஒழுங்காக வேலை செய்து, கெடு தவறாமல் டிராயிங் கொடுத்து, அதை நீங்கள் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

உட்காரும் விஷயத்தில் நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். கிளம்புவது அங்கே பெரிய குற்றம் இல்லை, சொல்லாமல் கிளம்புவதுதான் உறுத்தும். நாலு மணிக்கே சென்பாயிடம் போய் இன்று என்ன முடிந்தது, என்ன மிச்சம் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு, "ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று இருக்கிறேன், நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆறு மணிக்கு எழுந்து நின்று, 'ஒசாகி நி ஷித்சுரேய் ஷிமாசு' (உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும்) என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போங்கள். வாரத்தில் இரண்டு நாளில் ஆரம்பியுங்கள். பல கம்பெனிகளில் புதன்கிழமை ஓவர்டைம் இல்லாத நாள். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒன்று இருந்தால் அதையே முதல் நாளாக வைத்துக்கொள்ளலாம். நோமிகாய் என்ற அலுவலகக் குடி விருந்துகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வரவேற்பு விருந்துக்கும் வருடக் கடைசி விருந்துக்கும் போங்கள், ஊலாங் தேநீர் குடித்துக்கொண்டு உட்காரலாம், விருந்து முடிந்து அவர்கள் கிளம்பும் இரண்டாவது கடைக்குப் போக வேண்டியதில்லை.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி லீவைப் பற்றியதல்ல. "பாதியைத்தான் பதிவில் எழுதுகிறேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

2015 டிசம்பரில் டோக்கியோவில் டென்ட்சு என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் 24 வயதுப் பெண் ஒருவர், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே, தற்கொலை செய்துகொண்டார். பதிவில் அவர் எழுதியிருந்த மாத ஓவர்டைம் 70 மணி நேரத்துக்குள்தான் இருந்தது. தொழிலாளர் தர அலுவலகம் கணக்கெடுத்தபோது ஒரு மாதத்தில் 105 மணி நேரம் வந்தது. அது அதிவேலையால் நேர்ந்த மரணம் என்று 2016இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கம்பெனிக்கு 2017இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென். அதே நிறுவனத்தில் 1991இலும் 24 வயது இளைஞர் ஒருவர் இப்படியே இறந்து, கம்பெனிதான் பொறுப்பு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டாவது மரணத்துக்குப் பிறகுதான் சட்டம் நிஜமாகவே இறுகியது. 2019 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கும் அடுத்த வருடத்திலிருந்து சிறியவற்றுக்கும் ஓவர்டைம் பொதுவாக மாதம் 45 மணி நேரம், வருடம் 360. விசேஷ ஒப்பந்தம் இருந்தாலும் வருடம் 720ஐத் தாண்டக் கூடாது, எந்த ஒரு மாதமும் 100ஐத் தொடக் கூடாது. வேலை நேரத்தைக் கம்ப்யூட்டர் பதிவு, நுழைவு அட்டை போன்றவற்றால் அளப்பதும் கம்பெனியின் கடமை.

நீங்கள் எழுதாமல் விடும் ஒவ்வொரு மணி நேரமும் இந்தச் சட்டத்தின் கண்ணிலிருந்து உங்களை நீங்களே மறைத்துக்கொள்வது. நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் இன்றிலிருந்தே சொந்தமாக ஒரு நோட்டில் வந்த நேரம், கிளம்பிய நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள். ரயிலில் போகிறவர் என்றால் பயண அட்டையின் பதிவும் சாட்சியாகும். கொடுக்காமல் விட்ட ஓவர்டைம் சம்பளத்தை மூன்று வருடம் வரை கேட்டு வாங்கச் சட்டத்தில் இடம் உண்டு. அடுத்த மாதத்திலிருந்து, உட்கார்ந்த நேரத்தை உட்கார்ந்த நேரமாகவே பதிவில் எழுதுங்கள். யாராவது குறைத்து எழுதச் சொன்னால், யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். மாவட்டத் தொழிலாளர் தர அலுவலகத்தில் ஆலோசனை இலவசம். பிற மொழியினருக்கான தொலைபேசிச் சேவையும் உண்டு. தமிழ் இல்லை, ஆங்கிலத்தில் பேசலாம். புகார் செய்ததற்காக ஒருவரைத் தண்டிப்பதைச் சட்டம் தடைசெய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திர வயிற்று வலிக்கும் மருத்துவரைப் பாருங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடமென்றால் கம்பெனிக்கே ஒரு தொழில் மருத்துவர் இருப்பார். அவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் வெளியே பாருங்கள். தூக்கம் கெட ஆரம்பித்தால் அடுத்த வாரம் வரை கூடக் காத்திருக்க வேண்டாம்.

இது ஜப்பானோடு நிற்கிற விஷயமும் இல்லை. தென் கொரியா 2018இல் வாரத்துக்கு 52 மணி நேரம் என்று உச்சவரம்பு கொண்டுவந்தது. 2023இல் அதை 69 வரை போகவிடலாம் என்று அரசு சொன்னதும் இளைஞர்கள் கொதித்தெழுந்து பின்வாங்க வைத்தார்கள். சீனாவில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரத்தில் ஆறு நாள் என்ற வழக்கம் சட்டவிரோதம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் அலுவலகத்திலேயே உங்கள் வயதுக்காரர்கள் சிலர் உங்களைப்போலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரோடு மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள்.

ஊருக்குத் திரும்புவதா என்பதை இப்போது முடிவுசெய்யாதீர்கள். களைப்பில் எடுக்கிற முடிவு அது. கல்யாணத்துக்குப் போய்வந்து, நேரத்தை உள்ளபடி எழுதி, வாரம் இரண்டு நாள் சீக்கிரம் கிளம்பி, ஒரு மூன்று மாதம் பாருங்கள். அவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டால் அது இருக்கத் தகுந்த இடம். இறுகினால், வேறு கம்பெனி தேடலாம். நிரந்தர ஊழியர் இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிட்டு விலக ஜப்பான் சிவில் சட்டத்தில் வழி உண்டு. ஒப்பந்த ஊழியருக்கு விதி வேறு, அதற்கும் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பொறியாளர் விசாவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விலகினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். புது வேலையில் சேர்ந்தாலும் அப்படியே. தக்க காரணமில்லாமல் மூன்று மாதம் வேலையின்றி இருந்தால் விசாவை ரத்து செய்ய இடமுண்டு. ஆகவே இன்னொரு வேலை கையில் வந்த பிறகு இதை விடுங்கள். அதற்குள் மொழித் தேர்வில் அடுத்த மேல்நிலையான என்2 பாஸ் செய்துவிட்டால் கதவுகள் நிறையத் திறக்கும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஆவணிக் கல்யாண அலைச்சலில் ஜூலையை விட்டுவிட்டு டிசம்பருக்குப் பதிவுசெய்யுங்கள்.